தீப்பொறி வளர்ந்துவிட்டான் என்கிறார்கள்

மாடி போர்ஷனில் குடியிருக்கும் இசக்கி துவைத்துப் போட்டிருந்த பனியனில் அந்த ஆள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். சாம்பல் நிற உடுப்பு, கழுத்தில் சிவப்புத் துண்டு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. தோள் இரண்டும் அம்மிக்கல் மாதிரி. கொடியில் கால் மேலே தலை கீழே கிடந்தும் முகத்தில் கர்வம் குறையவில்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் அவன்தான் என்று. அவன்தானா என்றும் உடனே தோன்றியது. அந்தக் கேள்வி எனக்குப் பழையது.

இசக்கி திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. சிப்காட்டில் வண்டிக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு படியேறி வந்தவனை நிறுத்தினேன்.

"ஏம்பா, இந்தாளு யாரு?"

"தணல், ஆச்சி. பெரிய ஹீரோல்லா. படமெல்லாம் வந்திருக்கு."

"பேரு எனக்கும் தெரியும். எங்கிருந்து வந்தவன்னு கேக்கறன்."

அவன் பையைக் கீழே வைத்துவிட்டான். கதை பேச ஆள் கிடைத்தால் தூக்கம் போய்விடுகிற ரகம். "மொதல்ல கவசவீரனுக்குத் தொணையா ஒரு சின்னப் பையலா இருந்தாரு. தீப்பொறின்னு பேரு. பொறவு வளந்து, பேர மாத்திக்கிட்டு, தனியா போயிட்டாரு."

"வளந்தத நீ பாத்தியா?"

"கதையில அப்டித்தான இருக்கு ஆச்சி."

"கதையில யாரு சொன்னாங்க? அவனே சொன்னானா, பெரியவன் சொன்னானா?"

இசக்கி என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த மாதம் வேறு வீடு பார்க்கலாமா என்கிற யோசனை தெரிந்தது. நான் விட்டுவிட்டேன். ஆனால் அவன் மேலே போனதும், ஈரப் பனியனில் படம் ஒட்டியிருந்த இடத்தை மோந்து பார்த்தேன். ரப்பரும் அச்சு மையும் கலந்த வாடை. வயதான பொம்பிளை கொடியில் கிடக்கும் ஆம்பிளைப் பனியனை மோந்து பார்ப்பதை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். பார்த்தால் பார்க்கட்டும். எனக்கு அந்த வாடை குடோனைக் கொண்டுவந்துவிட்டது.

பாகலூர் ரோட்டில் பழைய பேப்பர் குடோன் இருந்தது. பெங்களூரிலிருந்து லாரி லாரியாகக் கட்டு வரும். நாங்கள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரிப்போம். வெள்ளைத் தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், கலர் புத்தகம் ஒரு பக்கம். அந்தக் கலர் குவியலில் கை வைத்தால் மைவாடை ஏறும். சோற்றைப் பிசையும்போதும் விரலில் அதுதான் மணக்கும். என் வீட்டுக்காரர், "ரசத்துல என்னத்தக் கரைச்ச?" என்று கேட்டிருக்கிறார்.

குடோனில் ஒரு சட்டம். சாப்பாட்டு வேளையில் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பார்க்கலாம், சாயங்காலத்துக்குள் கட்டுக்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும். கட்டு காகித மில்லுக்குப் போய்க் கூழாகிவிடும். நான் ஒரு தாளைக்கூட இடுப்பில் செருகிக்கொண்டு போனதில்லை. அது எனக்குப் பெருமை. ஆனால் அதில் ஒரு நஷ்டம் உண்டு. எந்தப் புத்தகத்தையும் இரண்டாவது தரம் பார்க்க முடியாது. நேற்றுப் பார்த்தது சரியா என்று புரட்டிச் சரிபார்க்க முடியாது. தலையில் நின்றதுதான் கணக்கு.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இரண்டாம் வகுப்பில் என்னை எருமை மேய்க்க அனுப்பிவிட்டார்கள். படத்தில் வருகிறவர்கள் வாய்க்கு மேலே வெள்ளைக் கூண்டு போட்டுப் பேச்சை எழுதியிருப்பார்களே, அதில் ஒரு கூண்டைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் படத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்தால் என்ன பேசுகிறான் என்று தெரியாதா? மற்றப் பெண்களுக்கு அந்தக் கூட்டுகிற எழுத்தும் கிடையாது. ஆகவே குடோனில் நான்தான் வாத்தியார், நான்தான் கதைக்காரி. என் பக்கத்தில் எப்போதும் நஞ்சம்மா உட்காருவாள். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னோடு தமிழ், திட்டும்போது மூன்றும்.

கவசவீரன் வெளிநாட்டுப் படக்கதையில் வருகிறவன், வெண்கல முகமூடி போட்டவன். சிரிக்கவே மாட்டான். அவன் முழங்கை உயரத்தில் அந்தப் பையன் தீப்பொறி. சிவப்பு அரைக்கால் சட்டை, நெஞ்சில் நெருப்புப் படம், எப்போதும் திறந்த வாய். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவனை யாராவது தூணோடு கட்டிப் போட்டிருப்பார்கள். பெரியவன் கூரையைப் பிளந்துகொண்டு வருவான்.

"பாவம்க்கா, அவ்ளோ பெரிய ஊட்ல ஒரு முழுக்கால் சட்ட வாங்கித்தர ஆளில்ல" என்பாள் நஞ்சம்மா. "என் மாதேசன் மாரியே குச்சிக் காலு."

மாதேசன் அவளுடைய ஒரே மகன். அப்பன் செத்துப்போன பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் குடோனுக்கு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படம் பார்ப்பான். வாயில் புளியங்கொட்டை உருளும் சத்தம் காதருகே கேட்டுக்கொண்டே இருக்கும். மீசை முளைக்கும் முன்பே ஒருநாள் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற லாரிக்காரரோடு வடக்கே போய்விட்டான். அப்போதெல்லாம் அப்படித்தான், போர் வண்டி ஊருக்குள் வந்து போனால் ஒரு வீட்டில் ஒரு தட்டு குறையும். போனவன் போனவன்தான். கடுதாசியும் இல்லை, ஆள் மூலம் சேதியும் இல்லை.

அதற்கப்புறம் நஞ்சம்மா தீப்பொறியைத்தான் கேட்பாள். கட்டுப் பிரித்ததும், "இன்னிக்கு வந்துக்கிறானா?" என்பாள்.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். பழைய பேப்பரில் புத்தகம் வரிசையாக வராது. எந்த வீட்டில் எந்த மூலையைப் பெருக்கினார்களோ அது வரும். ஒருநாள், தீப்பொறியைக் கட்டிப் போட்ட கட்டடம் எரிகிற மாதிரி ஒரு புத்தகம். கடைசித் தாள்கள் கிழிந்திருந்தன. அடுத்து வந்ததில் கவசவீரன் தனியாக ஒரு மேட்டில் நிற்கிறான், பக்கத்தில் பையன் இல்லை. அதற்கடுத்து வந்ததில் இந்தச் சாம்பல் உடுப்பு ஆள் எங்கிருந்தோ குதிக்கிறான். பெரியவன் அவன் தோளில் கை வைக்கிறான். கூண்டுக்குள் 'தணல்' என்று எழுதியிருந்தது. அதை மட்டும் கூட்டிப் படித்துவிட்டேன்.

பையன் செத்துவிட்டான் என்று நான் சொன்னேன். வேறென்ன சொல்வது? எங்கள் பக்கத்துக் கூத்தில் பெரிய வீரனுக்குப் பக்கத்தில் சின்னப் பையன் வந்து நின்றாலே பெண்கள் முந்தானையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். விடிவதற்குள் அவனைக் களத்தில் கொடுத்துவிடுவார்கள். கூத்தில் எந்தப் பையனும் வளர்ந்து மீசை வைத்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரன் மட்டும் வேறு மாதிரியா கதை கட்டுவான்? பையனைப் பலி கொடுத்துவிட்டு, ஜனங்கள் கேட்பார்களே என்று ஒரு தடியனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன்.

நஞ்சம்மா சோற்றுத் தூக்கை மூடிவிட்டாள். "செத்துட்டான்னு சொல்லாதக்கா. நீ பாத்தியா?"

"எரியுதில்ல!"

"எரிஞ்சா? பொணம் காட்னானா?"

கொஞ்ச நாள் அவள் வேறு பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கும் ரோஷம், கூப்பிடவில்லை. இதற்கு நடுவில் இன்னொரு புத்தகம் வந்தது. கவசவீரன் பக்கத்தில் அதே சிவப்பு அரைக்கால் சட்டையில் ஒரு பையன். எல்லாரும், "பாரு, உசுரோட வந்துட்டான்" என்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நான் நன்றாகப் பார்த்தேன். முதல் பையனுக்கு வகிடு இடப்பக்கம், இவனுக்கு வலப்பக்கம். சட்டை அதுதான், பையன் அவன் இல்லை. ஒரு சட்டைக்குள் இரண்டு பையனை மாற்றினவர்கள், ஒரு பையனுக்குப் பதிலாக ஓர் ஆளை மாற்ற மாட்டார்களா? மறுநாள் இசக்கியிடம் இதைக் கேட்டபோது, "ஆமா ஆச்சி, அது ரெண்டாவது பையல்" என்றான். என் கண் தப்பாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கண்ணோடுதான் நான், வருஷங்கள் கழித்துக் குடோன் வாசலில் வந்து நின்ற ஆளைப் பார்த்தேன். சாப்பாட்டு வேளை. ஆறடிக்கு ஆள், அடர்ந்த மீசை, கையில் வடக்கத்திப் பை. "அம்மா" என்றான். நஞ்சம்மா எழுந்தாள். மடியிலிருந்த தாளெல்லாம் சரிந்தது. கிட்டே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

சூளகிரிப் பக்கம் கம்பெனிக்கு நிலம் அளந்துகொண்டிருந்த காலம் அது. கம்பு விளையாத மேட்டுக்குக்கூட விலை வந்துவிட்டது. செத்துப்போன சித்தப்பன் மகன், ஓடிப்போன மருமகன் என்று ஊருக்கு ஒருவன் முளைத்துக்கொண்டிருந்தான். நஞ்சம்மாவுக்கு அங்கே புருஷன் வழியில் ஒரு துண்டு வானம் பார்த்த நிலம் இருந்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். நில அளவு நடக்கும் நேரத்தில் மகன் வருகிறான். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? மச்சத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதெல்லாம் சினிமாவில். எங்கள் பிள்ளைகளின் மச்சத்தை யார் குறித்து வைத்தோம்? போட்டோவும் கிடையாது.

நானே ஒரு சோதனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நஞ்சம்மா வீட்டுக்குக் கேழ்வரகு மாவு எடுத்துக்கொண்டு போய், "களி கிண்டுடி, பையன் வந்துக்கிறானில்ல" என்றேன். களியை எங்கள் ஊரில் யாரும் மெல்ல மாட்டோம். கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்குவோம். வெளியூர்க்காரன் மெல்லுவான், மென்றால் பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு விழிப்பான்.

அவன் மென்றான்.

"ஏம்பா, களியப் போய் மெல்றியே" என்றேன்.

"வடக்க சப்பாத்திதான் பெரியம்மா. பழக்கம் வுட்டுப்போச்சி."

"முழுங்கறது கூடவா வுட்டுப்போவும்?"

நஞ்சம்மா களி கிண்டின துடுப்பைச் சட்டியில் தட்டினாள். "அக்கா, அவன் சின்னதுலயே மெல்லுவான். தொண்டையில நிக்குதுன்னு அழுவான். களிய மெல்றவன் ஏரு புடிக்க லாயக்கில்லன்னு அவங்கப்பன் முதுவுல போடுவான். நீ என் ஊட்ல எத்தினி நாளு சாப்ட்ட, ஒனக்குத் தெரிய?"

அது நியாயம்தான். ஆனால் அவள் அதைச் சொன்னபோது அவன் கை பாதி வழியில் நின்றது. நினைவு வந்து நின்றதா, முதல் தடவையாகக் கேட்டு நின்றதா? அவளும்தான் ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னாள்? அன்றைக்கு எனக்குத்தான் களி தொண்டையில் நின்றது.

கொஞ்ச நாளில் கன்னடப் புத்தகக் கட்டு ஒன்று வந்தது. அதற்குள் கவசவீரன் இருந்தான். எதிரில் தீப்பொறி, ஆனால் வளர்ந்த தீப்பொறி. பெரியவன் காது வரைக்கும் உயரம். குரல்வளை துருத்திக்கொண்டிருந்தது. சிவப்பு அரைக்கால் சட்டை தொடையைப் பிடித்தது. முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தான். பெரியவன் விரலை நீட்டி வாசலைக் காட்டுகிறான். அம்மாவைச் சைக்கிளில் அழைத்துப்போக மாதேசன் அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தான். சின்ன வயதில் மாதேசன் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வந்தவனும் கன்னடம் படித்தான். அதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. எல்லையில் பாதிப் பேர் படிப்பார்கள்.

"என்னா சொல்றான் பெரியவன்?" என்று நஞ்சம்மா கேட்டாள்.

அவன் குந்தி உட்கார்ந்து படித்தான். "நில்லுங்கறாரு."

"வெரலு வாசலக் காட்டுது" என்றேன். "நில்லுன்னு சொல்றவன் வாசலயா காட்டுவான்? போடான்னுதான் இருக்கும்."

"இல்ல பெரியம்மா. வெளிய ஆபத்துன்னு காட்றாரு. போவாதங்கறாரு."

"பின்ன எதுக்குப் போறான்?" இது நஞ்சம்மா. "அடிச்சானா?"

அவன் கூண்டின்மேல் விரலை ஓட்டினான். "அடிக்கல. நல்லா சோறு போட்டாரு. எல்லாத்தையும் கத்துக்குடுத்தாரு. ஆனா நாலு பேரு முன்னாடி பையா பையான்னே கூப்ட்டாரு. மீச மொளச்சப்புறமும்."

"இம்மாம் பேச்சும் அந்தக் கூண்டுல எழுதியிருக்குதா?" என்று கேட்டேன். கூண்டில் பத்து எழுத்து இருந்தால் அதிகம்.

"எழுதியிருக்குது பெரியம்மா."

நஞ்சம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "தனியா போனவன் அம்மாகிட்ட வந்திருக்கலாமில்ல. அவனுக்கு அம்மா இல்லியா?"

அவன் தாளைப் புரட்டினான். மறுபடி முன்னால் புரட்டினான். "அது அடுத்த புக்குல இருக்கும்மா" என்றான்.

சாயங்காலம் சட்டப்படி அதைக் கட்டுக்குள் போட்டேன். அடுத்த புத்தகம் வரவே இல்லை. வந்திருந்தாலும் கன்னடத்தில் வந்திருந்தால் அவன்தானே படிக்க வேண்டும்? படிக்கிறவனும் அவனே, சந்தேகத்துக்கு உரியவனும் அவனே என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

நில விசாரணைக்குக் கிராம அதிகாரி வந்தபோது, மகன் இவன்தான் என்று சொந்தம் இல்லாதவர் ஒருவர் சொல்ல வேண்டும் என்றார். நஞ்சம்மா என்னை அழைத்துப்போனாள். வேப்பமரத்தடியில் பெஞ்சு. இந்தப் பையனைச் சின்ன வயதிலிருந்து தெரியுமா, இவன்தானா அவன் என்று அதிகாரி கேட்டார். மாதேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் நெற்றியில் வேர்வை. இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

"பெத்தவ நிக்கறா. அவ சொன்னா சரி" என்றேன். இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், அதைவிடச் சரியான வார்த்தை இல்லை. அதிகாரி அதையே ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

மாதேசன் அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வரும்போது நஞ்சம்மா சொன்னாள். "நீ நம்பலன்னு எனக்குத் தெரியும்க்கா."

"நீ நம்பறியா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். "ஊட்டுக்குப் போயி ஒல வெக்கணும். வேலயிலருந்து பசியோட வருவான்."

அந்த நிலத்தில் இப்போது கம்பெனி நிற்கிறது. அதிலேயே மாதேசன் பிட்டர் வேலை பார்த்தான், கல்யாணம் செய்தான், வீடு கட்டினான். நஞ்சம்மாவைக் கடைசிவரை கையில் வைத்துத் தாங்கினான். படுக்கையில் கிடந்தபோது அவளுக்குத் தலை வாரி விட்டவன் அவன்தான். நான் போகும்போதெல்லாம் ஏதாவது குறை கிடைக்குமா என்று சமையலறை வரைக்கும் எட்டிப் பார்ப்பேன். கிடைக்காது. குறையே கிடைக்காத மகனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பெற்ற பிள்ளை என்றால் ஒரு நாளாவது எரிந்து விழுவான். என் பிள்ளைகள் விழுகிறார்கள்.

போன வாரம் மகள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"பெரியம்மா, கல்யாணத்துல சின்ன வயசுப் படமெல்லாம் போட்டுக் காட்டுவாங்களாம். அப்பா நீ சின்னதுல எப்பிடியிருந்தன்னு மவ கேக்கறா. எங்கிட்ட ஒரு படமில்ல. பாத்தவங்க நீங்க ஒருத்தங்கதான். சொல்லுங்க, நான் போயி அவளுக்குச் சொல்றன்."

சொன்னேன். குச்சிக் கால், தோளுக்குப் பின்னால் நிற்கிறது, வாயில் புளியங்கொட்டை, எண்ணெய் வழியும் முடி. யாரோ தொலைந்துபோன பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவன் மாதிரி முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பழைய புத்தி சும்மா இருக்குமா? நடுவில் ஒரு பொய்யைச் செருகினேன்.

"தவளயக் கண்டா ஒரே அலறல். குடோன் பின்னால குட்டையில ஒன்னு தாவினா, ஓடியாந்து என் மடியில ஏறிக்குவ."

அவன் கண்ணை மூடிச் சிரித்தான். "ஆமா பெரியம்மா. இன்னிக்கும்தான். ஊட்ல எல்லாரும் கேலி பண்றாங்க."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவன் வண்டி தெரு முனை திரும்பும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்தால், தவளை எனக்கு எங்கிருந்து வந்தது? மாடு என்று சொல்லியிருக்கலாம், நாய் என்று சொல்லியிருக்கலாம். மடியில் ஒரு பிள்ளை வந்து விழுந்த கனம் இப்போதும் தொடையில் தெரிகிற மாதிரி இருக்கிறது. அது நான் கட்டிய பொய்யா, நடந்ததை எடுத்துப் பொய் என்று நினைத்துச் சொன்னேனா?

போய்ப் பார்க்கலாமென்றால் குட்டை இல்லை. அதை மூடி, குடோனையும் இடித்து, அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். வட்டமாக உட்கார்ந்த பெண்களில் ஒருத்தியும் மிச்சமில்லை. அவன் தவளைக்குப் பயப்படுவானா என்று கேட்டால், துடுப்பைத் தட்டிக்கொண்டு உடனே ஒரு பதில் சொல்ல நஞ்சம்மா இல்லை.